மண்டபத்துக் கணக்கும் இயந்திரத்தின் படிப்பும்

(இராமநாதபுரத்தில் கணினி அறிவியல் மாணவர்களும் கடலோர ஊர்க்காரர்களும் கூடியிருந்த அரங்கில் மென்பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)

 

இயந்திரக் கற்றலைப் பற்றியும் நிரல் எழுதும் தொழிலைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்புக்குப் பின்னால் ஒரு கவலை இருப்பது எனக்குத் தெரியும். ‘நிரலை இயந்திரமே எழுதித் தள்ளுகிறதே, நாலு வருஷம் படித்துவிட்டு என்ன செய்யப்போகிறோம்?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோர் அதைவிடக் கவலையோடு கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலாளரின் கைத்திறன் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் இங்கிருந்து பஸ் ஏறி மண்டபம் போனால் போதும்.

மண்டபம் கேம்ப் என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். எந்தக் கேம்ப் என்று இளையவர்கள் பலருக்குத் தெரியாது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் சனங்களை, கடல் தாண்டும் முன் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அது. அங்கே மனிதர்களைத்தான் முதலில் எண்ணினார்கள். பிறகு, 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் அந்த இடத்துக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடல் மீன் ஆராய்ச்சிக்கு மண்டபம்தான் தலைநகர். இன்றும் அதன் மண்டல மையம் அங்கே இயங்குகிறது.

அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி, கேட்க எளியது. இந்தியக் கடலில் ஓராண்டில் எவ்வளவு மீன் பிடிபடுகிறது? நெல் என்றால் வயல் ஓரிடத்தில் நிற்கும், அளக்கலாம். மீனோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்களில், பகலிலும் இரவிலும், விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் வந்து இறங்குகிறது. இறங்கிய சில மணி நேரத்தில் ஏலம் போய், ஐஸ் பெட்டிக்குள் புகுந்து, லாரி ஏறிவிடுகிறது. எல்லாப் படகையும் பார்க்க எந்த அரசாங்கத்திடமும் ஆள் கிடையாது.

புள்ளியியல் அறிஞர்கள் சுகாத்மே, பான்ஸே, சாஸ்திரி மூவரும் கடல் மீன் பிடிப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடுவது பற்றி 1958இல் ‘பயோமெட்ரிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான் இந்த நிறுவனம் இன்றும் பின்பற்றும் பல கட்டச் சமவாய்ப்பு முறை. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கணினி மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் பத்து நாளில், முதல் ஐந்து நாள்களுக்குள் எந்த நாளில் வேலை தொடங்குவது என்பது சமவாய்ப்பு முறையில் முடிவாகிறது. அங்கிருந்து தொடர்ந்து ஆறு நாள். அடுத்த இரண்டு பத்து நாள்களிலும் பத்து நாள் இடைவெளியில் இதே வரிசை வரும். இரண்டு நாளுக்கு ஓர் இறங்குதளம். முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை கணக்கெடுப்பாளர் கரையில் நிற்பார். மறுநாள் காலை 6 மணி முதல் நண்பகல் 12 மணி வரை நிற்பார். இடைப்பட்ட இரவில் இறங்கியதை மறுநாள் காலையில் விசாரித்து எழுதிக்கொள்வார். வந்த படகுகள் 15க்குள் இருந்தால் அத்தனையையும் பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் எத்தனை படகுக்கு ஒரு படகு என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். கரையில் தராசு கிடையாது, கூடைக் கணக்குதான். எந்த மீன் எத்தனை கூடை, ஒரு கூடைக்கு எத்தனை கிலோ என்று பார்த்து எடையாக மாற்றி எழுதுவார்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? கணக்கெடுப்பாளர் நேர்மையானவர்தான், சோம்பேறியும் இல்லை. ஆனால் மனிதக் கண் தானாகவே பெரிய படகின் பக்கம் போகும். கூட்டம் கூடி நிற்கும் ஏலத்தின் பக்கம் போகும். மழை பெய்தால் கூரைக்கு அருகே ஒதுங்கிய படகைப் பார்க்கும். எதைப் பார்ப்பது என்பதைக் கண்ணிடம் விட்டால், எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் மொத்தக் கணக்கு பொய்யாகிவிடும். அதனால்தான் தேர்வைக் கண்ணிடமிருந்து பிடுங்கிச் சமவாய்ப்பு எண்ணிடம் கொடுத்தார்கள். கணினியே இல்லாத காலத்தில் யோசித்த யோசனை இது. இன்று உலகம் முழுவதும் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் சறுக்கி விழும் இடமும் இதேதான்.

கடலோடிகளுக்காக இயந்திரக் கற்றல் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நிரல் எழுதுவதென்றால் விதி எழுதுவது. படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்லும் செயலி வேண்டுமென்றால், துடுப்பு இப்படி இருந்தால் பாறை, வால் இப்படிப் பிரிந்தால் சூடை என்று ஒவ்வொன்றாக எழுதுவோம். ஆயிரம் விதி எழுதிய பிறகு, மங்கல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் வந்து அத்தனையையும் குழப்பும். இயந்திரக் கற்றலில் நாம் விதி எழுதுவதில்லை. பெயரெழுதிய ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுக்கிறோம். மாடலுக்குள் லட்சக்கணக்கில் எண்கள் இருக்கும். அது சொல்லும் பெயர் தப்பாகும்போதெல்லாம், தப்பு குறையும் பக்கமாக அந்த எண்கள் துளித்துளியாக நகர்த்தப்படும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்தால் விதி அந்த எண்களுக்குள் எங்கோ படிந்திருக்கும். யாரும் எழுதாத விதி, யாராலும் வரிவரியாக வாசிக்க முடியாத விதி.

ஆந்த்ரே கார்பதி என்ற ஆய்வாளர் 2017இல் இதற்கு ‘மென்பொருள் 2.0’ என்று பெயர் வைத்தார். இனி நிரலை எழுதுவது தரவுதான் என்பது அவர் வாதம். அதை நான் ஏற்கிறேன், அதோடு நிற்காமல் அடுத்த அடியும் வைக்கிறேன். தரவுதான் நிரலை எழுதுகிறது என்றால், தரவை எழுதுகிற கைதான் நிரலாளரின் கை. நோட்டும் பேனாவுமாக மண்டபம் கரையில் நிற்கும் அந்தக் கணக்கெடுப்பாளர் ஒரு நிரலாளர். அவருக்கு அந்தப் பட்டமும் சம்பளமும் யாரும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த மீன் பெயர் செயலிக்கே வருவோம். நம் மாணவர்கள் திட்டப்பணிக்காக இப்படி ஒன்றைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குதளத்துக்குப் போய் ஒரு கூடைக் காரலைப் பத்துக் கோணத்தில் படம் எடுக்கிறார்கள். இப்படிச் சேர்த்த எல்லாப் படங்களையும் சீட்டு மாதிரிக் கலைத்து, பெரும்பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார்கள். மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்குகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சோதனையில் வந்தது புதுக் கூடை இல்லை. பயிற்சியில் பார்த்த அதே நீலக் கூடை, அதே ஈரத் தரை, அதே காலை வெயில். மாடல் படித்தது காரலையா, நீலக் கூடையையா? இந்த மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. படங்களைப் படகுவாரியாகப் பிரித்திருக்க வேண்டும். அதைவிட நல்லது, மண்டபத்தில் எடுத்த படத்தில் பயிற்சி கொடுத்துத் தொண்டியில் எடுத்த படத்தில் சோதிப்பது. மதிப்பெண் சட்டென்று இறங்கும். இறங்கி நிற்கும் அந்த எண்தான் உங்கள் செயலியின் உண்மையான தரம். தன் மதிப்பெண்ணைத் தானே இறக்கிக் காட்டும் துணிவைத்தான் நான் கைத்திறன் என்கிறேன். எந்த நிரல் நூலகமும் அதை உங்களுக்காகச் செய்து தராது.

அடுத்தது சுழியம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இராமேசுவரம் துறைமுகத்தின் தினசரி மீன் வரத்து ஓர் அட்டவணையாக உங்கள் கைக்கு வருகிறது. ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் எத்தனை டன். நிறைய நாள்களில் சுழியம். இதை அப்படியே மாடலுக்குக் கொடுத்து ‘நாளைக்கு எவ்வளவு மீன் வரும்?’ என்று கேட்கிறீர்கள். மாடல் ஏதோ ஒரு பதில் சொல்லும், ஓரளவு சரியாகவும் சொல்லும். ஆனால் அது எதைப் படித்தது என்று கரையில் வளர்ந்த ஒருவர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் சுழியம். 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. ஆகவே பழைய ஆண்டுகளில் ஜூன் மாத முதல் பாதியில் மீன் இருக்கும், புதிய ஆண்டுகளில் இருக்காது. இது தெரியாத மாடல், ஜூனில் பாக் நீரிணையில் மீன்வளம் சரிந்துவிட்டது என்று முடிவுகட்டும். கடலில் ஒன்றும் மாறவில்லை, அரசாணைதான் மாறியது.

வாரக் கணக்கைப் பாருங்கள். இங்கே விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்ற ஏற்பாடு உண்டு. இரு தரப்புக்கும் நடந்த பெரிய மோதல்களுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. திங்கள், புதன், சனி அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்படும் விசைப்படகுகள் மறுநாள் காலையில் கரை திரும்பும். அட்டவணையில் செவ்வாய், வியாழன், ஞாயிறு உயரும், மற்ற நாள்களில் விழும். மீனின் போக்கில் அப்படியோர் அலைவு இருப்பதாக மாடல் படித்துக்கொள்ளும். உண்மையில் அது ஒரு சமாதான ஒப்பந்தத்தின் தடம்.

இன்னும் சில சுழியங்கள் இருக்கின்றன. இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று நாள்கணக்கில் வேலைநிறுத்தம், சுழியம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று, டோக்கன் இல்லை, சுழியம். திருவிழா, சுழியம். கணக்கெடுப்பாளருக்குக் காய்ச்சல், அன்று எழுத ஆளில்லை, யாரோ பிற்பாடு கட்டத்தைச் சுழியத்தால் நிரப்பிவிட்டார். கடலுக்குப் போய் வலை போட்டு வெறுங்கையோடு திரும்பியதால் வந்த சுழியமும் இவற்றுக்கு நடுவே உண்டு. மீனைப் பற்றிப் பேசுவது அந்தக் கடைசிச் சுழியம் ஒன்றுதான். மற்றவை அரசைப் பற்றியும், எல்லைத் தகராறைப் பற்றியும், காற்றைப் பற்றியும், ஒரு மனிதரின் உடல்நிலையைப் பற்றியும் பேசுகின்றன. அட்டவணையில் எல்லாம் ஒரே மாதிரி வட்டமாகத்தான் இருக்கும்.

வானத்திலிருந்து வரும் தரவிலும் இதே சிக்கல். ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்பார்கள், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைத் தமிழிலும் அறிவிக்கிறது. எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லும். செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பமும் பச்சையமும்தான் அதற்கு ஆதாரம். பச்சையம் உள்ள இடத்தில் நுண்பாசி, நுண்பாசியைத் தேடிச் சிறு மீன், சிறு மீனைத் தேடிப் பெரிய மீன். அழகான அறிவியல். ஆனால் மேகம் கூடினால் அந்த உணரிகளுக்குக் கடல் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடல்மேல் நாள்கணக்கில் மேகம் கிடக்கும். அந்த நாள்களின் கட்டங்களைக் காலியாக விடுவதா, பக்கத்து நாள்களை வைத்து ஊகித்து நிரப்புவதா? நிரப்பினால், நிரப்பிய எண் எது, அளந்த எண் எது என்று அடையாளம் போட்டுவைப்பதா? பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதை எடுத்து மாடலுக்குக் கொடுக்கப்போகும் யாரோ ஒருவருக்கு நாம் செய்யும் மரியாதை அந்த அடையாளம்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் வஞ்சிரம் என்பதை இந்தக் கரையில் சீலா என்கிறோம். சென்னை மீன் அங்காடியில் சீலா என்று கேட்டால் அவர்கள் எடுத்துக்கொடுப்பது நாம் ஊளி என்று சொல்லும் மீனை. சென்னை விலைப்பட்டியலையும் நம் ஊர்ப் பட்டியலையும் பெயரை வைத்து இணைத்தால், வஞ்சிரத்தின் விலை ஊளியின் தலையில் ஏறிவிடும். நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது.

இதைவிட நுட்பமான ஒன்றைத் திரையில் காட்டுகிறேன். கொடுவா. மூன்றெழுத்து. கணினியின் யூனிகோடு கணக்கில் ஆறு குறியீடுகள்: க, அதற்கு ஒகரக் குறி, ட, உகரக் குறி, வ, ஆகாரக் குறி. கோப்பில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினெட்டு. இப்போது அடுத்த வரியைப் பாருங்கள். இதுவும் கொடுவாதான், கண்ணுக்கு எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இதில் ஒகரக் குறியைத் தட்டியவர், கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டியிருக்கிறார். ஏழு குறியீடுகள், இருபத்தொரு பைட். இரண்டும் ஒன்றா என்று நிரலிடம் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யச் சொல்லி நாம்தான் நிரலுக்கு எழுத வேண்டும். செய்யாவிட்டால் கொடுவாவின் வரத்து இரண்டு மீன்களாகப் பிரிந்து பாதி பாதியாகத் தெரியும். தமிழில் தட்டச்சு செய்து, தமிழில் பிழை திருத்திப் பழகியவர் கண்ணில்தான் இது முதலில் படும். பெரிய மொழி மாடல்கள் தமிழைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கின்றன. எந்த வடிவத்தில் நம் எழுத்தைச் சேமிக்கிறோம் என்பது அங்கேயும் பாதிக்கும். இந்த வேலையை வேறு நாட்டுக்காரர் வந்து செய்து தருவார் என்று காத்திருக்க முடியாது.

இப்போது எல்லாவற்றுக்கும் இயந்திரக் கற்றல்தான் வழியா என்ற கேள்வி. இல்லை என்று சொல்லப் பாம்பனைவிட நல்ல இடம் கிடையாது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறும், ரயில் நிற்கும். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாக மேலெழும் தூக்குப் பாலத்தோடு புதிய பாலம் திறந்தார்கள். கடலுக்கு நடுவே போகும் ரயிலுக்கு வேண்டியது இந்த மாதிரி விதிதான். ஒரே வரி. ஓட்டுநருக்குப் புரியும், நிலைய அதிகாரிக்குப் புரியும், பயணிக்குச் சொன்னால் பயணிக்கும் புரியும். ரயில் ஏன் நின்றது என்று கேட்டால், காற்று இவ்வளவு வேகம் என்று பதில் இருக்கிறது. விதியை எழுதிவிட முடிகிற இடத்தில் அதை எழுதிவிட வேண்டும். லட்சம் எண்களுக்குள் அதைக் கொண்டுபோய் ஒளிக்கக் கூடாது.

இந்த மண்ணின் மைந்தர் அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.–3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். திட்ட இயக்குநர் அவர். புறப்படும் நேரம் நெருங்கும்போது, சரிபார்ப்புகளை நடத்திக்கொண்டிருந்த கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ ஒழுங்கில்லை என்று திரை காட்டியது. கசிவு இருக்கிறது, ஆனாலும் போதிய எரிபொருள் கையிருப்பு உண்டு, பயமில்லை என்று உடனிருந்த வல்லுநர்கள் சொன்னார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவைத்துவிட்டு ஏவ முடிவெடுத்தார். முதல் நிலை நன்றாகப் போனது. இரண்டாம் நிலையில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே குழு வென்றது.

தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகத்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். நிரலாளனாக எனக்கு அந்தக் கணினிமேல்தான் கண். அது எதையும் ‘கற்ற’ கணினி இல்லை. மனிதர் எழுதிய சரிபார்ப்புப் பட்டியலை வரிசையாக ஓட்டியது, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தியபோது எதனால் நிறுத்தினேன் என்று காட்டியது. அதனால் அங்கே ஒரு விவாதம் நடக்க முடிந்தது. முடிவு தப்பாகப் போனாலும் எந்த இடத்தில் தப்பு என்று பிறகு திரும்பிப் பார்க்க முடிந்தது. அந்த அறையில் இன்றைய மாடல் ஒன்று இருந்து, ‘ஆபத்து வாய்ப்பு 0.71’ என்று மட்டும் சொல்லியிருந்தால் வல்லுநர்கள் எதைப் பற்றி விவாதித்திருப்பார்கள்? நீங்கள் கட்டும் மாடல் யாரையாவது நிறுத்தப் போகிறது என்றால், படகையோ, கடன் விண்ணப்பத்தையோ, நோயாளியின் சிகிச்சையையோ, அது காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் எதைப் பார்த்து அந்த எண் வந்தது என்பதும் இருக்க வேண்டும். இதைச் செய்வது கடினம்தான். கடினம் என்பதால் விட்டுவிட உரிமை கிடையாது.

அரிதாக நடப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பல வீடுகளில் அந்த இரவின் கதை இருக்கிறது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஓர் ஊரே வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. கூகுள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் என்ற வானிலை மாடல், பத்து நாள் முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. பல அளவுகளில் ஐரோப்பிய வானிலை மையத்தின் பழைய முறையையே அது மிஞ்சியது. பெரிய சாதனை, மனதாரப் பாராட்டுகிறேன். அது பயிற்சி பெற்றது 1979 முதல் 2017 வரையிலான 39 ஆண்டுத் தரவில். தனுஷ்கோடியின் இரவு அதில் இல்லை. வேறு கடல்களின் புயல்களிலிருந்து அது நிறையக் கற்றிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பாக் நீரிணையின் ஆழமில்லாக் கடலில், குறுகிய மணல் முனையில், நீர் எப்படி எழும் என்பது தனிக் கேள்வி. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் பார்த்தோம். ஒரு மாடலைக் கரைக்குக் கொண்டுவரும்போது, அது எந்த ஆண்டிலிருந்து பார்க்கத் தொடங்கியது என்று முதலில் கேளுங்கள். அதற்கு முந்தியதைப் பெரியவர்களிடமும் பழைய துறைமுகப் பதிவேடுகளிலும் தேடுங்கள்.

எச்சரிக்கையின் அளவை யார் தீர்மானிப்பது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி அலை உயரம், காற்று, எல்லைக் கோடு எல்லாவற்றையும் மீனவரின் கைபேசிக்குக் கொண்டுவருகிறது. பாம்பனில் கடல் ஓசை வானொலி அதைப் பேச்சாகச் சொல்கிறது. இப்படிப்பட்ட எச்சரிக்கையை ஒரு மாடல் முடிவு செய்யும்போது, வாய்ப்பு எவ்வளவுக்கு மேல் போனால் மணி அடிப்பது என்று நிரலில் ஓர் எண் எழுத வேண்டும். யாரும் யோசிக்காவிட்டால் 0.5 என்றே இருந்துவிடும், நூலகத்தில் முன்கூட்டியே போட்டிருப்பது அதுதான். வீணாக மணி அடித்தால் ஒரு நாள் பிழைப்பு போகும். அப்படிப் பலமுறை ஆனால் மணியையே யாரும் மதிக்க மாட்டார்கள். அடிக்க வேண்டியபோது அடிக்காவிட்டால் உயிர் போகும். இந்த இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் உரிமை பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இல்லை. கடலுக்குப் போகிறவர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் கேட்டுத்தான் அந்த எண்ணை எழுத வேண்டும்.

கடைசியாக, இயந்திரமே நிரல் எழுதுவது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். இயல்பாக்க நிரல் எழுதித் தா என்றால் நொடியில் தருகிறது, பெரும்பாலும் சரியாகவே தருகிறது. தட்டச்சு நேரம் மிச்சம். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரல் என்பது கோப்பில் இருக்கும் வரிகள் மட்டும் இல்லை, அதைக் கட்டியவர்கள் மனத்தில் உள்ள புரிதல்தான் நிரல், அந்த மனிதர்கள் கலைந்துபோனால் வரிகள் இருந்தும் நிரல் செத்துவிடும் என்பது அவர் கருத்து. செவ்வாய்க்கிழமை மீன் வரத்து ஏன் உயர்கிறது என்று தெரிந்தவர் அந்த வரிகளை இயந்திரத்திடம் எழுதி வாங்கலாம், தப்பில்லை. தெரியாதவர் கையால் எழுதினாலும் பயனில்லை. கல்லூரிகள் இன்னமும் வரிகளைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன, வரிகளுக்குத்தான் மதிப்பெண் போடுகின்றன. இது மாற வேண்டும் என்று இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களிடம் பணிவோடும் அழுத்தமாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த பருவத் திட்டப்பணிக்குப் புது மாடல் எதுவும் கட்ட வேண்டாம். ஓர் இறங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து, மண்டபத்து முறையில் நாளைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம் முழுக்க வரத்தை எழுதுங்கள். அட்டவணையில் டன் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். சுழியம் வரும் ஒவ்வொரு நாளும் கரையில் உள்ளவர்களைக் கேட்டு அதை நிரப்புங்கள். தடைக்காலமா, வேலைநிறுத்தமா, காற்றா, ஆள் வரவில்லையா, மீன்தான் இல்லையா. கொடுவாவை எல்லோரும் ஒரே வடிவத்தில் தட்டுங்கள். பருவம் முடிந்ததும் இரண்டு மாடல் பழக்குங்கள், ஒன்று அந்தக் கட்டத்தோடு, ஒன்று அது இல்லாமல். இரண்டின் கணிப்பையும் அதே கரையில் வைத்து, கணக்குச் சொன்னவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

இதில் சேர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், பெயர் எழுதிக்கொள்வோம். முதல் நாள் நானும் உடன் வருகிறேன். செவ்வாய்க்கிழமையாக வைத்துக்கொள்ளலாம். ஏலம் தொடங்கும் முன் கரையில் இருக்க வேண்டும்.